தைராய்டு இருக்கு, ராத்திரியில நெஞ்சும் முதுகும் வலிக்குது... கேஸ்னு விட்டுடலாமா?

பகல் முழுக்க ஒண்ணும் இருக்காது. சாப்பிட்டுப் படுத்ததும் நெஞ்சுக்குள் ஓர் அழுத்தம், தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் ஒரு பிடிப்பு. வீட்டில் சொன்னால் 'கேஸ்தான், ஓமத் தண்ணி குடி' என்பார்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால், 'எல்லாம் தைராய்டு பண்ற வேலை' என்று இன்னொரு பதிலும் கிடைக்கும். இரண்டும் சரியாக இருக்கலாம். ஆனால் இதயம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும்.

வலி சில நிமிடங்களில் அடங்காமல் நீடிக்கிறதா? கை, தாடை, முதுகுக்குப் பரவுகிறதா? வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், தலைசுற்றல் சேர்ந்து வருகிறதா? உடனே 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டும் போக வேண்டாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு பெரிய நெஞ்சுவலி இல்லாமல், முதுகு வலியாகவோ மூச்சு வாங்கலாகவோகூட வரலாம். முதல் இசிஜி நார்மலாக இருந்தாலும் டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்வார், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் கேட்பார். அது வீண் செலவு இல்லை.

தைராய்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. சென்னை உட்பட 8 இந்திய நகரங்களில் நடந்து, 2013-ல் வெளியான ஆய்வில் பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு ஹைப்போதைராய்டு இருந்தது. இதில் ஹார்மோன் குறைவதால் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும். பல வருடம் கவனிக்காமல் விட்டால் ரத்தக்குழாய் அடைப்புக்கு அது வழி. தசைகளில் வலியும் இறுக்கமும் வரும். அரிதாக, இதயத்தைச் சுற்றி நீர் கோர்ப்பதும் உண்டு.

ஹார்மோன் அதிகமானால் கதையே வேறு. இதயம் வேகமாகத் துடிக்கும், படபடப்பு வரும், துடிப்பின் சீர் தவறலாம். ஏற்கெனவே அடைப்பு இருப்பவருக்கு நெஞ்சுவலியைக் கிளப்பிவிடும். எலும்பும் தேயும், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு. 'சோர்வா இருக்கு, அரை மாத்திரை கூடப் போட்டுப் பார்க்கலாம்' என்ற யோசனை ஆபத்தானது என்பது இதனால்தான்.

இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டால், படுத்தவுடன் வரும் எரிச்சலுக்கு அநேகமாக ஆசிட் மேலேறுவதுதான் காரணம். இரவு உணவை 3 மணி நேரம் முன்பே முடியுங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் வலிக்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 6 அங்குலம் கட்டை வையுங்கள். இடது பக்கமாகப் படுப்பது உதவும்.

ஆனால் இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல். ஆசிடுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் சிரப், கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவை தைராக்சினை உடம்பில் சேரவிடாது. குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தாலும் டிஎஸ்ஹெச் ஏறலாம். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராக்சின். காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுங்கள்.

திரும்பிப் படுக்கும்போதோ, அழுத்தும்போதோ ஓரிடத்தில் மட்டும் வலித்தால் தசைப்பிடிப்பாக இருக்கலாம். வெந்நீர் ஒத்தடம் சுகம் தரும்.

டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்ஹெச் பாருங்கள், கூடவே கொலஸ்ட்ராலும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிடுகிறீர்களா? ரத்தம் கொடுப்பதற்கு 2 நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், ரிப்போர்ட்டே தப்பாக வரலாம்.