கீல் பூண்ட பேரெஞ்சின்

பேருருவம் படைத்த பொருள் நேரே செல்லுதல் எளிது. வளைந்து செல்லுதலே அரிது. இவ்வுண்மையை நன்கு விளக்குவது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் யூனியன் பசிபிக் ரயில்வேயார் ஓட்டிய 'பிக் பாய்' என்னும் நீராவி எஞ்சின். 'பெரிய பையன்' என்பது இதன் பொருள். தொழிற்சாலையில் தொழிலாளி ஒருவர் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்த பெயரே நிலைத்ததென்பர். இதன் அமைப்பையும், இதன் மாதிரிகளின் இயல்பையும் ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

இவ்வகை எஞ்சின்கள் 1941இல் 20உம், 1944இல் 5உம் ஆக 25 செய்யப்பெற்றன. யூட்டா மாகாணத்து வசாட்ச் மலைப்பாதையில் கனத்த சரக்கு வண்டிகளைத் துணை எஞ்சினின்றி இழுத்தலே இவற்றின் நோக்கம். கரியும் நீரும் சுமக்கும் பின்வண்டியோடு சேர்த்து நீளம் 132 அடிக்கு மேல். நிறை ஏறத்தாழ 12 இலட்சம் ராத்தல்.

இத்துணை நீண்ட எஞ்சின் மலைவளைவுகளில் எங்ஙனம் திரும்பும்? இயக்கும் சக்கரங்கள் 16ஐயும் ஒரே சட்டத்திற் பொருத்தினால் அது வளைவிற் செல்லமாட்டாது. ஆதலின் எட்டெட்டாக இரு சட்டங்களில் அமைத்தனர். பின்சட்டம் கொதிகலத்தோடு அசையாது பிணைக்கப்பட்டது. முன்சட்டமோ பின்சட்டத்தோடு கீலால் இணைந்து, இடமும் வலமும் திரும்பும். கொதிகலத்தின் முற்பகுதி அதன்மேல் வழுக்குமாறு தாங்கப்பட்டிருக்கும். முன்சட்டத்து ஸிலிண்டர்களுக்கு நீராவி, அசைந்து கொடுக்கும் மூட்டுகளையுடைய குழாய்களின் வழியே செல்லும். இம்முறைக்கு வழிகாட்டியவர், 1884இல் காப்புரிமை பெற்ற அனட்டோல் மாலே என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர். அவர் பின்சட்டத்திற் பயன்பட்ட நீராவியையே மீண்டும் முன்சட்டத்திற் பயன்படுத்தினார். பிக் பாயிலோ நான்கு ஸிலிண்டர்களும் புதிய நீராவியையே பெறும்.

1959இல் இவற்றின் பணி ஓய்ந்தது. எட்டு மட்டுமே அழியாது காக்கப்பெற்றன. அவற்றுள் 4014ஆம் எண்ணுடையது செப்பனிடப்பெற்று 2019இல் மீண்டும் ஓடிற்று.

இனி, மாதிரிகளைக் காண்போம். 87இல் ஒரு பங்கு அளவில் செய்யும் மாதிரி ஒன்றரை அடி நீளமிருக்கும். நிறையும் 87இல் ஒரு பங்கே என்று எண்ணுதல் பிழை. நீளம், அகலம், உயரம் மூன்றும் அவ்வாறு குறைதலின், நிறை 6,58,503இல் ஒரு பங்காகும். கணக்கின்படி இரண்டு ராத்தலும் இராது!

வளைவின் செய்தி இதனினும் வியப்புடையது. வீட்டு மேசைமேல் இடும் பாதையில் வளைவின் ஆரம் பலவிடத்தும் 18 அங்குலமே. அதனை 87ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 130 அடி. எஞ்சினின் நீளத்தினும் குறைவு. மெய்யான எஞ்சினுக்கு வகுத்த மிகக் குறுகிய வளைவின் ஆரமோ ஏறத்தாழ 288 அடி. ஆதலின் மாதிரி செய்வோர் பலர், மெய்யுருவில் அசையாத பின்சட்டத்தையும் திரும்புமாறு அமைக்கின்றனர். அப்பொழுதும் கொதிகலத்தின் முற்பகுதி பாதையை விட்டு வெளியே நீண்டு நிற்கும். மெய்யமைப்பை மாற்ற விரும்பாதோர் பின்சட்டத்தை அசையாது வைத்து, அகன்ற வளைவுகளை இடுகின்றனர். அதற்கு வேண்டுவது பெரிய அறை.

ஆகவே மாதிரி என்பது மெய்ப்பொருளின் வெறுஞ் சுருக்கமன்று. எதனைக் குறைக்கலாம், எது தானே குறையும், எது குறைய மறுக்கும் என்று ஆராய்ந்து செய்பவனே மெய்யான எஞ்சினையும் உள்ளவாறு அறிந்தவனாவான் என்பது எமது துணிபு.