பம்பை நிறுத்தினார்கள், ஏரி திரும்பியது!



ஆற்றங்கரையில் ஒரு வயல். பயிர் முழங்கால் உயரம் வளர்வதற்குள் வெள்ளம் வந்து மூழ்கடித்துவிடுகிறது. மறு ஆண்டும் அதே கதை. அந்த விவசாயி என்ன செய்யலாம்? “கரையை இன்னும் உயர்த்தலாம்” என்பீர்கள். அமெரிக்காவில் பல விவசாயிகள் வேறொரு முடிவு எடுத்தார்கள். அப்படிப்பட்ட வயல்களைத் தண்ணீருக்கே விட்டுக்கொடுத்தார்கள்! அது எவ்வளவு அறிவான முடிவு என்று பார்ப்போமா?

மழைக்காலத்தில் ஆறு இரு பக்கமும் பரவும். அது பரவுகிற தாழ்வான சமதளத்துக்கு வெள்ளச் சமவெளி என்று பெயர். ஒவ்வொரு வெள்ளமும் வண்டலைக் கொண்டுவந்து சேர்ப்பதால் அங்கே மண் வளமாக இருக்கும். அந்த வளத்துக்காகத்தான் மக்கள் கரை கட்டினார்கள், தண்ணீரை வடித்தார்கள், உழுதார்கள். இப்படியே 1780களுக்கும் 1980களுக்கும் இடையில், அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக, அமெரிக்கா தன் ஈரநிலங்களில், அதாவது தண்ணீர் தேங்கி நிற்கும் நிலங்களில், பாதிக்கு மேல் இழந்துவிட்டது.

அப்படி வடிக்கப்பட்ட ஓர் இடம், அமெரிக்காவின் இல்லினாய்ஸ் ஆற்றின் கரையில் இருக்கும் எமிக்வான். அங்கே தாம்ப்சன், ஃபிளாக் என்று இரண்டு ஏரிகள் இருந்தன. 1920களில் அவற்றைக் கரை கட்டி வடித்து, மக்காச்சோளமும் சோயாவும் விதைத்தார்கள். ஆனால் தாழ்ந்த நிலத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்குமே! அதனால் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

2000ஆம் ஆண்டில் ‘தி நேச்சர் கன்சர்வன்சி’ என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அந்தப் பண்ணையை விலைக்கு வாங்கியது. 2007இல் பம்புகளை நிறுத்தினார்கள். மழைநீரும் நிலத்தடி ஊற்றும் சேர்ந்து ஏரிகளை நிரப்பின. அப்போது ஓர் அதிசயம் நடந்தது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த நீர்த்தாவர விதைகள் முளைத்தன! சில விதைகளுக்குள் இருக்கும் உயிர், ஈரமும் வெளிச்சமும் சரியாக அமையும்வரை உறங்கிக் கிடக்கும். மண்ணுக்குள் இருக்கும் இந்தச் சேமிப்பை ‘விதை வங்கி’ என்று அறிவியலாளர்கள் சொல்கிறார்கள். ஏரியில் நாட்டு மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். செடியும் மீனும் பெருகியதும் வாத்துகளும் நாமக்கோழிகளும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. 2012இல் எமிக்வான், உலகின் முக்கிய ஈரநிலங்களைக் கொண்ட ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நம்முடைய பள்ளிக்கரணையும் வேடந்தாங்கலும் 2022இல் இடம்பிடித்த அதே பட்டியல்தான் அது.

ஈரநிலத்தால் பறவைகளுக்கு மட்டும்தான் லாபமா? ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், அது ஏறக்குறைய 12 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் நூறு! ஆயிரம் ஏக்கர் ஈரநிலம் எவ்வளவு வெள்ளத்தைத் தாங்கும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்தத் தண்ணீர் அங்கே நின்று, மெதுவாக வடியும். கீழே இருக்கும் ஊர்களுக்கு வெள்ளத்தின் வேகம் குறையும்.

இன்னொரு நன்மை கண்ணுக்குத் தெரியாது. வயலில் இடும் உரத்திலிருந்து நைட்ரேட் என்ற சத்து, மழைநீரோடு கரைந்து ஆற்றுக்குப் போகிறது. இல்லினாய்ஸ் ஆறு மிசிசிப்பியில் கலக்கிறது. மிசிசிப்பி மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிறது. அந்த உரத்தைத் தின்று கடலில் பாசி பெருகுகிறது. பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மீன்கள் அங்கே வாழ முடியாது. இங்கேதான் ஈரநிலம் உதவுகிறது. அதன் சேற்றில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே வாழும் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைப் பயன்படுத்திச் சுவாசிக்கின்றன. அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகின்றன. இதனால் ஆற்றுக்குப் போகும் நைட்ரேட் குறைகிறது.

சரி, வயலை விட்டுக்கொடுத்த விவசாயி எப்படிப் பிழைப்பார்? இதற்காகவே அமெரிக்க அரசு 1990இல் சட்டம் போட்டு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். ஆனால் அதில் உழக்கூடாது, கட்டடம் கட்டக்கூடாது. அதற்கு ஈடாக அரசு பணம் கொடுக்கும். சிலர் 30 ஆண்டுகளுக்கும், சிலர் நிரந்தரமாகவும் ஒப்பந்தம் போடுகிறார்கள். பிறகு மண்ணுக்கடியில் புதைத்த வடிகால் குழாய்களை உடைப்பார்கள், வாய்க்கால்களை அடைப்பார்கள், ஆழமில்லாத பள்ளங்களை வெட்டுவார்கள். தண்ணீர் தங்கத் தொடங்கிவிடும். 1993இல் மிசிசிப்பி நதியில் மாபெரும் வெள்ளம் வந்து ஒன்பது மாநிலங்களைத் தாக்கியது. ஏராளமான கரைகள் உடைந்தன. அதன் பிறகு, மூழ்கிய வயல் வைத்திருந்த விவசாயிகள் பலர் இத்தகைய ஒப்பந்தங்களில் சேர்ந்தார்கள்.

எல்லா வயல்களையும் ஏரியாக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நமக்குச் சோறு வேண்டும். அதற்கு மேட்டு நிலங்களும் பாதுகாப்பான வயல்களும் இருக்கின்றன. அடிக்கடி மூழ்கும் தாழ்வான நிலத்துக்குத் தண்ணீரைத் தாங்குவதுதான் பொருத்தமான வேலை. அந்த வேலைக்கு விவசாயிக்குக் கூலி கொடுப்பதும் நியாயம்தான்.

உங்கள் ஊரிலும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் தாழ்வான இடம் ஒன்று இருக்கும். அதைப் பாழ்நிலம் என்று நினைக்காதீர்கள். பெரியவர்கள் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போய், அங்கே எந்தப் பறவைகள் வருகின்றன, தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யாராவது அங்கே குப்பை கொட்டினால், அந்த நோட்டைக் காட்டிப் பேசுங்கள்!