வணிகவாதமும் பிரெஞ்சுப் புதுச்சேரியும்

வணிகவாதம் என்பது 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய அரசுகள் பின்பற்றிய பொருளாதாரக் கொள்கை ஆகும். பொன், வெள்ளி இருப்பே நாட்டின் செல்வம். எனவே ஏற்றுமதியைப் பெருக்கி இறக்குமதியைக் குறைக்க வேண்டும். குடியேற்றங்கள் ஆளும் நாட்டின் நலனுக்காகவே இயங்க வேண்டும் என்பன இதன் அடிப்படைகள்.

கம்பெனியின் தனியுரிமை

பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பெர் 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை நிறுவி, கீழ்த்திசை வணிகத்தில் அதற்குத் தனியுரிமை பெற்றுத் தந்தார். 1674 முதல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியை அதன் வணிகத்தளமாக வளர்த்தார். தேங்காய்த்திட்டில் இன்றுள்ள துறைமுகம் அன்று இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட, சலங்குப் படகுகளே துணிப்பொதிகளை ஏற்றிச் சென்றன.

கொள்கையின் முரண்

இத்துணிகளுக்கு விலையாக வெள்ளி வெளியேறியது. பிரான்சின் பட்டு, கம்பளி உற்பத்தியாளர்களும் போட்டியை எதிர்த்தனர். ஆகவே அச்சிட்ட பருத்தித் துணிகளுக்குப் பிரான்சு 1686இல் தடை விதித்தது. இது 1759 வரை நீடித்தது. ஆனால் வெளிநாட்டு விற்பனைக்கு இந்தியத் துணி தேவைப்பட்டது. அவுரிச் சாயமிட்ட நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கும் கருவேலம் பிசினுக்கும் மாற்றாகக் கொடுக்கப்பட்டது.

நெசவாளர் நிலை

வணிகர் வழியாக முன்பணம் பெற்ற நெசவாளர், குறித்த அளவிலும் தவணையிலும் துணி தரக் கடமைப்பட்டனர். துணி எங்கே விற்கப்படும் என்பதை முடிவு செய்தது பாரிசு. அதன் விளைவைத் தாங்கியது தறி.

1769இல் கம்பெனியின் தனியுரிமை நிறுத்தப்பட்டது. எனினும் 19ஆம் நூற்றாண்டிலும் புதுச்சேரி நீலத்துணி செனகலுக்குச் சென்றது.