நெடுஞ்சொல்லும் சொல்லாட்டமும்

ஆங்கிலத்தின் நீண்ட சொற்களைக் கண்டு அஞ்சுவோர் பலர். அவற்றை மனனஞ் செய்தாற் சொல்லாட்டத்தில் வென்றுவிடலாம் என எண்ணுவோரும் உளர். அச்சமும் வேண்டியதில்லை, மனனமும் வேண்டியதில்லை. நெடுஞ்சொல் என்பது சிறு சொற்கள் பல ஒன்றோடொன்று கோத்து நிற்பதேயாகும். பகுபதத்தைப் பகுதி, விகுதி எனப் பிரிக்கப் பயின்ற நமக்கு இது புதிதன்று.

28 எழுத்துக்களைக் கொண்ட ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: அன்டி-டிஸ்-எஸ்டாப்ளிஷ்-மென்ட்-ஏரியன்-இசம். இதன் பகுதி 'எஸ்டாப்ளிஷ்'. நிறுவுதல் என்பது பொருள். 'மென்ட்' சேர, நிறுவப்பட்ட நிலையாகும். 'டிஸ்' அந்நிலையை நீக்கும். 'அன்டி' அந்நீக்கத்தை எதிர்க்கும். 'இசம்' கொள்கையைக் குறிக்கும். இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசு வழங்கிய தகுதியை நீக்கலாகாது என்ற கொள்கையே இச்சொல்லின் பொருள்.

இதனினும் நீண்டது 45 எழுத்துச் சொல் ஒன்று: நியூமோனோ-அல்ட்ரா-மைக்ரொஸ்கொப்பிக்-சிலிக்கோ-வொல்கானோ-கோனியோசிஸ். நுரையீரல், மிகுநுண்மை, சிலிக்கா, எரிமலை, தூசு, நோய் என்பன அதனுள் அடுக்கப்பட்டுள்ளன. 1935ஆம் ஆண்டில் அமெரிக்கப் புதிர் விளையாட்டாளர் சங்கத் தலைவரொருவர், நீளத்தைக் கருதியே இதனை ஆக்கினார். சிலிக்காத் தூசினால் வரும் நோய்க்கு மருத்துவர் வழங்கும் பெயரோ 'சிலிக்கோசிஸ்' என்பதே. அதற்கு 9 எழுத்துக்கள் போதும்.

இச்சொற்கள் ஆட்டத்துக்கு உதவுமா? அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அல்பிரட் பட்ஸ் 1930களில் வகுத்த ஆட்டமே பின்னர் ஸ்கிரபிள் எனப் பெயர் பெற்றது. அதன் பலகை பக்கத்துக்கு 15 கட்டங்களாக 225 கட்டங்கள் கொண்டது. ஆகவே 28க்கும் 45க்கும் அங்கே இடமில்லை. 'எஸ்டாப்ளிஷ்மென்ட்' 13 எழுத்துக்களோடு அடங்கும். முன்னே 'டிஸ்' சேர்ப்பின் 16 ஆகி, ஒரு கட்டம் போதாமற் போகும்.

நீளத்துக்கேற்பப் புள்ளி கிடைப்பதுமில்லை. நாளிதழ்ப் பக்கங்களில் எழுத்துக்கள் எத்தனை முறை வருகின்றன என எண்ணிப் பார்த்து, அரிய எழுத்துக்கு மிகுந்த மதிப்பை அளித்தார் பட்ஸ். சிறப்புக் கட்டங்களை விடுத்துக் கணக்கிட்டால், 9 எழுத்துள்ள 'எஸ்டாப்ளிஷ்' 14 புள்ளிகளே பெறும். 4 எழுத்துள்ள 'குவிஸ்' 22 புள்ளிகள் பெறும்.

எனினும், நெடுஞ்சொல்லைப் பிரித்தறிந்த பயிற்சி வீணாகாது. ஆட்டக்காரரிடம் ஒரு வேளையில் இருப்பவை 7 எழுத்துக் கட்டைகள். ஏழையும் ஒரே முறையில் வைப்பவருக்கு 50 புள்ளிகள் மிகையாகக் கிடைக்கும். 'இங்' என்னும் விகுதிக்குரிய மூன்று எழுத்துக்கள் கையிலிருப்பின் அவற்றை ஒதுக்கி வையுங்கள். எஞ்சிய நான்கும் 'பிளே' என அமைந்தால், 'பிளேயிங்' என்னும் ஏழெழுத்துச் சொல் ஆயத்தமாகிவிடும். 'அன்', 'ரீ' என்னும் முன்னொட்டுக்களும், 'ஏபிள்', 'மென்ட்' என்னும் பின்னொட்டுக்களும் இவ்வாறே பயன்படும்.

பட்டியலை மனனஞ் செய்தவர் அப்பட்டியலிலுள்ள சொற்களை மட்டுமே அறிவார். உறுப்புக்களை அறிந்தவரோ, முன்பு கண்டறியாத சொல்லுக்கும் பொருள் காண்பார். ஆதலின், நேயர்களே, நெடுஞ்சொல் எதிர்ப்படும்போது அதன் எழுத்துக்களை எண்ணற்க. அதன் பகுதியைத் தேடுக.