பார்க்கப் போகும் விசா, வேலைக்குப் போகும் விசா

நம் நாட்டிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். கேரளம், தெலங்கானா, பீகார், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு எனப் பல மாநிலத்தவர்களும் போகிறார்கள். கொத்தனார், டிரைவர், சமையல்காரர் எனப் பல தொழிலாளர்கள் இவர்களில் உண்டு.

வெயில் தாங்குமா? சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? சம்பளத்தில் மிச்சம் பிடிக்க முடியுமா? போகும் முன் இந்தக் கேள்விகள் எழும். "முதலில் கொஞ்ச நாள் இருந்து பார்ப்போம்" என்று நினைப்பது நல்லதுதான். ஆனால் எந்த விசாவில் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

விசா என்பது ஒரு நாட்டுக்குள் நுழைய அந்த நாடு தரும் அனுமதி. எதற்காக, எத்தனை நாள் என்பது அதில் இருக்கும்.

விசிட் விசா

துபாய் இருக்கும் நாடு ஐக்கிய அரபு அமீரகம். அங்கே சுற்றிப் பார்க்க 30 நாள், 60 நாள் விசா உண்டு. இதில் போய் உறவினர் வீட்டில் தங்கலாம். வாடகை, அரிசி விலை எல்லாம் விசாரிக்கலாம். ஆனால் ஒரு நாள்கூடக் கூலி வேலை செய்யக் கூடாது.

"விசிட் விசாவில் போங்கள். அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சில ஏஜெண்டுகள் சொல்வார்கள். சிலருக்கு மாறியும் இருக்கிறது. ஆனால் மாறும் முன்பே வேலை செய்தால் அது குற்றம். கையில் ஒப்பந்தம் இருக்காது. சம்பளம் தராவிட்டால் புகார் சொல்லவும் பயம். நாள் கடந்து தங்கினால் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம். நூறு நாளுக்கு 5,000 திர்ஹம். நம் பணத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்!

வேலை விசா

வேலை விசாவில் போனாலும் இருந்து பார்க்க வழி உண்டு. அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, வேலையில் சோதனைக் காலம் வைக்கலாம். அது ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் பிடிக்காமல் ஊர் திரும்ப நினைத்தால், 14 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும்.

நம் நாட்டிலும் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி பெற வேண்டும். இது வீண் அலைச்சல் அல்ல. அரசு ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகே அனுமதி தரும். பத்து லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. வேலைக்குப் போகிறவர் விசிட் விசாவில் போனால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

புறப்படும் முன் கவனிக்க:

1. ஏஜெண்ட் அரசிடம் பதிவு பெற்றவரா?
2. அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். ரசீது கேளுங்கள்.
3. விசாவில் உள்ள வேலையும் ஒப்பந்தத்தில் உள்ள வேலையும் ஒன்றா?
4. சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், சோதனைக் காலம் எழுதியிருக்கிறதா?
5. எல்லாவற்றிலும் ஒரு நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டோம். எதில் போடுகிறோம் என்று படித்துப் பார்த்துப் போடுவோம். புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.