சின்ன ஃபைல் திறக்கிறது, பெரிய ஃபைல் ஏன் உறைகிறது?

ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய வேண்டிய 20-ஆம் தேதி நெருங்கினாலே, கணக்கர்களிடமிருந்தும் ஆடிட்டர் அலுவலக ஊழியர்களிடமிருந்தும் ஒரே மாதிரியான கடிதங்கள் வருகின்றன. வீட்டிலிருந்து விபிஎன் வழியாக நுழைந்தால் அலுவலக சர்வரின் ஃபோல்டர் தெரிகிறது. நான்கு வரி நோட்பேட் ஃபைல் உடனே திறக்கிறது. கொள்முதல் பதிவேடு உள்ள எக்செல்லைத் தொட்டால் மட்டும் திரை வெளுத்து, அப்படியே நின்றுவிடுகிறது. ஐடி பிரிவு “உங்க வீட்டு நெட் ஸ்லோ” என்கிறது. நெட் கம்பெனி வேகச் சோதனையைக் காட்டி “100 எம்பிபிஎஸ் வருதே” என்கிறது. இரண்டுமே கோளாறு இருக்கும் இடத்தைத் தொடாத பதில்கள்.

‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்றால் எக்செல் செத்துவிட்டதா?

இல்லை. ஒரு விண்டோ 5 விநாடிகளுக்குத் தனக்கு வரும் செய்திகளைக் கவனிக்காவிட்டால், விண்டோஸ் அப்படி எழுதிவிடும். எக்செல் பெரும்பாலும் சர்வரின் பதிலுக்காகக் காத்திருக்கிறது.

அந்தப் பதில் எங்கே நிற்கிறது?

காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் ‘சின்னது திறக்கிறது, பெரியது உறைகிறது’ என்ற அடையாளம் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பாக்கெட்டின் அளவைத்தான்.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டுக்கு உச்சவரம்பு 1500 பைட். விபிஎன் ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் தன் உறையைப் போடுகிறது. வயர்கார்டு என்ற விபிஎன்னை எடுத்துக்கொள்வோம். ஐபிவி6 வழியாகப் போனால் உறை 80 பைட். அதனால் உள்ளே போகும் பாக்கெட்டை 1420-க்குள் வைத்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் சரியாக 1500. ஆனால் வீட்டு இணைப்பு பிபிபிஓஇ வகை என்றால், அதுவே 8 பைட்டை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 1492. முழு அளவுப் பாக்கெட் ஒவ்வொன்றும் அந்த 8 பைட்டால் இடிபடுகிறது.

இதற்கு 1990-லேயே வழி சொல்லிவிட்டார்கள். ஜெஃப்ரி மோகலும் ஸ்டீவ் டீரிங்கும் எழுதிய ஆர்எஃப்சி 1191-இன்படி, பாக்கெட் கொள்ளாத இடத்திலுள்ள ரவுட்டர் அதைக் கைவிட்டுவிட்டு, ‘இந்த வழியில் இவ்வளவுதான் போகும்’ என்று அனுப்பிய முனைக்கு ஐசிஎம்பி செய்தி கொடுக்கும். அனுப்பியவர் அடுத்ததைச் சுருக்கி அனுப்புவார். யாரும் முன்கூட்டியே வழியை அளக்க வேண்டாம். தொலைந்த பாக்கெட்டே அளந்து கொடுத்துவிடும். ஐபிவி6-க்கும் இதே கருத்துதான். அங்கே நடுவழி ரவுட்டர் பாக்கெட்டை உடைக்கவே கூடாது என்பதால் அந்தச் செய்தி இன்னும் அவசியம்.

அழகான ஏற்பாடுதான், ஆனால் முழுக்க அந்த ஒரு செய்தியை நம்பி நிற்கிறது. ‘பாதுகாப்பு’ என்று சொல்லி அலுவலக ஃபயர்வாலில் ஐசிஎம்பி மொத்தத்தையும் அடைத்துவிட்டால், வழி குறுகியது என்பது விபிஎன் கருவிக்கே தெரியாது. அதற்குத் தெரியாததை அது சர்வருக்கும் சொல்லாது. ஒப்புகை வராத சர்வர், நெரிசல் என்று நினைத்து அதே தரவை அதே அளவில் மறுபடி அனுப்புகிறது. ஒவ்வொரு முறையும் காத்திருப்பு இரட்டிப்பாகிறது, பாக்கெட்டோ அதே இடத்தில் மறைகிறது. ஃபைல் பெயர்களும் நோட்பேடின் நான்கு வரிகளும் சின்னப் பாக்கெட்டில் அடங்கிவிடுவதால் இணைப்பு நன்றாக இருப்பதுபோலவே தெரியும்.

2000-இல் வந்த ஆர்எஃப்சி 2923 இதைக் ‘கருந்துளை’ என்றே விவரித்தது. ஐசிஎம்பியை நம்பாத மாற்று முறை 2007-இல் ஆர்எஃப்சி 4821-ஆக வந்தது. லினக்ஸில் அது இயல்பாக அணைந்தே இருக்கிறது. தேவையான அந்த ஒரு வகைச் செய்தியை மட்டும் ஃபயர்வாலில் அனுமதிக்கலாம் என்னும்போது, எல்லாவற்றையும் அடைப்பதைப் பாதுகாப்பு என்று ஏற்க முடியவில்லை. தாக்கல் தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டுவது ஃபயர்வாலை அமைத்தவர் அல்ல.

வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். விபிஎன் இணைப்பில் இருக்கும்போதே கமாண்ட் ப்ராம்ப்ட்டில் சர்வருக்கு பிங் கொடுங்கள். ‘உடைக்காதே’ என்பதற்கு -எஃப், அளவுக்கு -எல். 1392 என்று கொடுத்தால் தலைப்பின் 28 பைட்டும் சேர்ந்து 1420 ஆகும். ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வந்து, 1372-க்குக் குறைத்ததும் பதில் வந்தால் கருந்துளை அங்கேதான். ‘உடைக்க வேண்டும்’ என்று உடனே பதில் வந்தால் பயமில்லை. எல்லை உங்கள் கணினிக்கே தெரிந்திருக்கிறது, இன்னும் குறைத்துப் பாருங்கள். மிகச் சின்ன பிங்குக்கும் பதில் இல்லையென்றால் பிங்கையே அடைத்திருக்கிறார்கள். இந்தச் சோதனை உதவாது.

தீர்வு?

இணைப்பு தொடங்கும்போதே இரு முனைகளும் ஏற்கும் அளவை, விபிஎன் வாசலிலுள்ள ரவுட்டர் குறைத்து எழுதிவிடலாம்; ‘எம்எஸ்எஸ் கிளாம்பிங்’ என்று கேட்டால் ஐடி பிரிவுக்குப் புரியும். அவர்கள் செய்யாவிட்டால், அட்மின் உரிமை இருப்பவர்கள் தங்கள் விபிஎன் அடாப்டரின் எம்டியூ-வை, அதாவது பாக்கெட்டின் உச்சவரம்பை, 1400-க்குக் குறைக்கலாம்.

ஹாட்ஸ்பாட்டில் மட்டும் சரியாக வருகிறதே? வழி மாறியது, அளவும் மாறியது.

எந்த எக்செல் ஃபைலும் திறக்கவில்லை? டிஃபால்ட் பிரிண்டர் அலுவலகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எக்செல் அதைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

ஒரே ஒரு ஃபைல் மட்டும்? அதற்குள் வேறு ஃபைல்களுக்கான லிங்க் இருக்கக்கூடும்.

‘வேறொருவர் திறந்திருக்கிறார்’ என்கிறதே? டாஸ்க் மேனேஜரில் நீங்கள் பாதியில் மூடிய எக்செல் விட்டுப்போன பூட்டாக இருக்கலாம். ஐடி பிரிவு சர்வரில் அதை விடுவிக்க வேண்டும்.

டெஸ்க்டாப்புக்கு காப்பி செய்து திறந்தால்? காப்பியும் பாதியில் நின்றால், கோளாறு எக்செல்லில் இல்லை என்று ஐடி பிரிவிடம் உறுதியாகச் சொல்லலாம்.