லெகோ கட்டைகளில் ஜெனரேட்டரும் காற்று இன்ஜினும்

பிள்ளைகள் விளையாடும் லெகோ கட்டைகளால் கார் செய்து, அதில் ஆள் உட்கார்ந்து ஓட்ட முடியுமா? 2013-ஆம் ஆண்டு ருமேனியாவைச் சேர்ந்த ரவுல் ஓய்டா என்ற இளைஞரும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டீவ் சமார்ட்டினோவும் ஓட்டியே காட்டினார்கள். 5 லட்சத்திற்கும் மேற்பட்ட கட்டைகள், 4 இன்ஜின்கள், 256 பிஸ்டன்கள். டயர் போன்ற சில பாகங்கள் மட்டும் லெகோ அல்ல. மெல்போர்ன் நகரில் மணிக்கு 20 முதல் 30 கி.மீ. வேகத்தில் அது ஓடியது. பெட்ரோல் கிடையாது, அழுத்தப்பட்ட காற்றுதான் அதை ஓட்டியது.

அப்படியானால் செலவே இல்லாமல் வண்டி ஓட்டலாமா? விடையை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

காற்று இன்ஜின்

லெகோ டெக்னிக் வரிசையில் காற்றால் இயங்கும் பாகங்கள் 1984-ஆம் ஆண்டு அறிமுகமாயின. பம்ப், டியூப், வால்வு, சிலிண்டர் ஆகியவையே முக்கியமானவை. வால்வின் நெம்புகோலை ஒரு பக்கம் தள்ளினால் பிஸ்டன் வெளியே வரும். மறுபக்கம் தள்ளினால் உள்ளே போகும். நடுவில் வைத்தால் அப்படியே நிற்கும்.

இரண்டு சிலிண்டர்களை ஒரே அச்சில் 90 டிகிரி வித்தியாசத்தில் பொருத்தி, அச்சு சுழலும்போது அதுவே வால்வுகளைத் திருப்பும்படி அமைத்தால் இன்ஜின் தயார். காற்று உள்ளவரை அது சுழலும். ஆனால் காற்றை அழுத்த உழைத்தது உங்கள் கை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாவதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் செலவிட்ட சக்தியில் ஒரு பகுதி அப்படி வெப்பமாகப் போய்விடுகிறது.

ஜெனரேட்டர்

மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் சுழலும். அதையே நாம் சுழற்றினால் மின்சாரம் தரும். லெகோவின் 9 வோல்ட் மோட்டாரின் அச்சில் 8 பல் கியரையும், கைப்பிடி உள்ள அச்சில் 40 பல் கியரையும் பொருத்துங்கள். கைப்பிடி ஒரு முறை சுற்றினால் மோட்டார் 5 முறை சுற்றும். மோட்டாரின் ஒயர்களில் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் சிவப்பு எல்.இ.டி. ஒன்றையும் வரிசையாக இணைத்துச் சுற்றுங்கள். எரியவில்லை என்றால் எதிர்த்திசையில் சுற்றுங்கள்.

எச்சரிக்கை: இந்த மின்சாரத்தின் வோல்டேஜ் சுற்றும் வேகத்திற்கேற்ப மாறும். எனவே ஒயர்களைக் கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. போர்ட்டிலோ செல்போனிலோ இணைக்காதீர்கள். வீட்டு பிளக் பாயின்ட் பக்கமே போகக் கூடாது.

நிற்காமல் ஓடுமா?

இரண்டு மோட்டார்களின் ஒயர்களை ஒன்றோடொன்று இணையுங்கள். ஒன்றைச் சுற்றினால் மற்றதும் சுற்றும், ஆனால் சற்று மெதுவாக. இரண்டாவது மோட்டாரை விரலால் பிடித்துக்கொண்டால், முதல் மோட்டாரைச் சுற்றுவது கடினமாகும். இனி இரண்டின் அச்சுகளையும் கியரால் இணைத்துச் சுழற்றிவிடுங்கள். கையை எடுத்ததும் நின்றுவிடும். உராய்விலும் ஒயரிலும் சக்தி வீணாவதே காரணம். 'ஒருமுறை சுழற்றினால் போதும், இலவச மின்சாரம்' என்று யாராவது கருவி விற்க வந்தால் இந்தச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரில் வடிவமைக்க

கட்டைகளை வாங்கும் முன் பிரிக்லிங்க் ஸ்டுடியோ என்ற இலவச சாஃப்ட்வேரில் மாடலை உருவாக்கிப் பாருங்கள். எந்தப் பாகம் எத்தனை தேவை என்ற பட்டியலும் அதிலேயே கிடைக்கும். மவுஸ் பழகும் பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சி.